கதவு எந்தப் பக்கம்

மச்சினி: ...அப்புறம், அத்தான்?

அவன்: அப்புறம் என்ன. ஆறரைக்கு எந்திரிக்கறேன். பல்லு விளக்கறேன். பால் பாக்கெட்டை உள்ள எடுக்கறேன்.

மச்சினி: ம்.

அவன்: ரெண்டு டம்ளர் எடுக்கறேன். ஒண்ணைத் திரும்ப அலமாரியில வெக்கறேன். பால் காயற வரைக்கும் அடுப்புகிட்டயே நிக்கறேன்.

மச்சினி: தினமுமா?

அவன்: தினமும். ஏழு மணிக்கு அவ கம்ப்யூட்டரைத் திறக்கறேன். ஏழரைக்கு மூடறேன். குளிக்கறேன். எட்டே காலுக்கு பஸ். போதுமா? உயிரோடதான் இருக்கான்னு வீட்டுல போய்ச் சொல்லு.

மச்சினி: நான் அதுக்கா வந்தேன்...

மாமனார்: எதுக்கு?

அவன்: யாரைக் கேக்கறாரு?

மாமனார்: ஏழு மணிக்கு எதுக்குத் திறக்கறேன்னு கேளு அவனை.

அவன்: பேச மாட்டாருன்னு சொல்லித்தானே உள்ள கூட்டிட்டு வந்த?

மச்சினி: வாசல்லயே சத்தியம் வாங்கினேன், அத்தான். அப்பா, என்ன சொன்னேன் உங்ககிட்ட? அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கலையே!

மாமனார்: என் பொண்ணோட சாமான் அது. அதைத் தொடறவனைக் கேக்கறதுக்கு எனக்கு யாரு அனுமதி குடுக்கணும்?

அவன்: உட்காரச் சொல்லு முதல்ல. நிக்க வெச்சுப் பேசினான்னு அதுக்கு வேற பேரு வரும்.

மாமனார்: நான் உட்கார வரல.

அவன்: தெரியும் சார். நாலு வருஷமா நீங்க எதுக்கும் வரல.

மச்சினி: அத்தான்...

அவன்: என்ன அத்தான்? தப்பா சொன்னேனா? கல்யாணத்துக்கு வரல. இந்த வீட்டுக்குக் குடி வந்தப்ப வரல. போன மாசம் வந்தாரு. அவ போனதுக்கப்புறம். அதுவும் வாசலோட சரி. செருப்பைக்கூடக் கழட்டல.

மாமனார்: அன்னிக்கு என்னால உள்ள வர முடியல.

அவன்: இன்னிக்கு முடிஞ்சுதா?

மாமனார்: முடியலதான். ஆனா நீ பண்ற காரியம் என்னை இழுத்துட்டு வந்திருக்கு. செத்துப் போன பொண்ணு பேர்ல எவனோ உட்கார்ந்து விளையாடறதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க நான் என்ன மரக்கட்டையா?

அவன்: நான் விளையாடினதை நீங்க எங்க பாத்தீங்க?

மச்சினி: அத்தான், டீ போடட்டுமா? பால் இருக்கா?

அவன்: இரு. எங்க பாத்தீங்க, சார்?

மாமனார்: ...அவ பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி. காலையில ஏழு மணி ஆச்சுன்னா பளிச்சுன்னு எரியுது. அரை மணி நேரம். அப்புறம் அணையுது. நாப்பத்திரெண்டு நாளா! முதல் நாள் பாத்தப்ப எனக்கு நெஞ்சே...

மச்சினி: அப்பா, போதும்பா.

மாமனார்: நீ சும்மா இரு. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. சாம்பலைக் கரைச்சு ரெண்டு நாள் ஆகல, அவ வந்து உட்கார்ந்திருக்கா. பச்சையா. யோசிச்சுப் பாத்தியா நீ? பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு?

அவன்: அந்தப் புள்ளி வெளியாளுக்குத் தெரியாதே.

மாமனார்: என்ன?

அவன்: பழைய விமானப் படத்தைப் போட்டு, இது எந்த விமானம், எந்த மாடல்னு கண்டுபிடிக்கிற இன்டர்நெட் குழு அது. மொத்தமே இருநூறு பேர். உள்ள சேர்ந்தவங்களுக்குத்தான் யாரு வந்திருக்காங்கன்னு தெரியும். நீங்க எப்படிப் பாத்தீங்க? விமானத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? பத்தாவது படிக்கிற பொண்ணு பத்திரிகையில இருந்து விமானப் படம் வெட்டி வெக்கறான்னு, படிப்பு போச்சு, கண்ணு போச்சு, எவன் கட்டுவான்னு குதிச்சவர்தானே நீங்க? அந்தப் பெட்டியைத் தூக்கிப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்னு போன்ல சொன்னீங்களே. அவ என்னைக் கட்டிக்கிட்ட மறுநாள். நான் பக்கத்துலதான் இருந்தேன்.

மச்சினி: போடல, அத்தான்.

மாமனார்: நீ வாயை மூடு.

மச்சினி: எதுக்கு மூடணும்? மூடி மூடித்தான் இவ்வளவும் ஆச்சு. பெட்டியைப் போடல. கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருந்தாரு. அதை எடுத்துத்தான் ரெண்டு வருஷமா படிக்கறாரு. காலையில எந்திரிச்சா வாலு, சக்கரம், ஜன்னல். கண்ணு ஆபரேஷன் பண்ணி ஒரு வாரம்கூட ஆகல, பூதக்கண்ணாடி வாங்கிட்டு வான்னு என்னை விரட்டினாரு. டாக்டர் திட்டினதுக்கு டாக்டரையே திட்டிட்டு வந்தாரு.

அவன்: எதுக்காம் இந்தப் படிப்பு?

மச்சினி: அக்கா அதுல இருக்கான்னு நான்தான் சொல்லிட்டேன். குழுவுல சேரணும்ல. சும்மா சேர்த்துக்க மாட்டாங்க. அஞ்சு படம் குடுப்பாங்க, குறைஞ்சது மூணு சரியா சொல்லணும். ரெண்டு தடவை பெயில் ஆனாரு.

மாமனார்: ஒரு தடவை.

மச்சினி: ரெண்டு தடவைப்பா. நான்தானே பக்கத்துல உட்கார்ந்து தட்டிக் குடுத்தேன்.

அவன்: என்ன பேர்ல சேர்ந்தாரு?

மச்சினி: அது வந்து, அத்தான்...

அவன்: உன்னைக் கேக்கல. சார், நீங்க சொல்லுங்க. அங்க யாரும் சொந்தப் பேர்ல இல்ல. அவ பேரு ரிவெட். தகட்டுல அடிச்ச ஆணியைக்கூட ஒண்ணு விடாம எண்ணுவான்னு அவங்களா வெச்ச பேரு. உங்க பேரு என்ன?

மாமனார்: உனக்கு எதுக்கு?

அவன்: என் பொண்டாட்டிகூட ரெண்டு வருஷமா பேசின ஆள் யாருன்னு நான் தெரிஞ்சுக்கக் கூடாதா? வாயைத் திறந்து சொல்லுங்க.

மாமனார்: சொல்ல மாட்டேன்.

அவன்: சொல்லாம இங்கிருந்து போக மாட்டீங்க.

மாமனார்: என்னடா பண்ணுவ?

மச்சினி: ஐயோ, ரெண்டு பேரும் கத்தாதீங்க! பக்கத்து வீட்டுல கதவைத் திறந்து பாக்கறாங்க.

அவன்: பாக்கட்டும். இவ்வளவு நாளா என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. இன்னிக்காவது நிமிர்ந்து பாக்கட்டும். சொல்லுங்க சார்.

மாமனார்: ...முக்காலி.

அவன்: சரியா கேக்கல.

மாமனார்: முக்காலி! முக்காலி! ஸ்டுடியோவுல கேமராவை நிக்க வெக்கிற முக்காலி. நாப்பது வருஷம் அதுதான் எனக்கு சோறு போட்டுது. போதுமா?

அவன்: இதை உங்க வாயாலயே கேக்கணும்னு நினைச்சேன்.

மச்சினி: உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா, அத்தான்?

அவன்: முக்காலியைத் தெரியாதா? இந்த வீட்டுல முக்காலி பேரு அடிபடாத நாளே கிடையாது. தோசை கருகும், அவ கத்திக்கிட்டே டைப் அடிப்பா. "இந்தக் கிழவருக்கு ஒண்ணும் தெரியல, ஆனா விட மாட்டேங்கறாரு"ன்னு. மத்தவங்களுக்கெல்லாம் ஒத்தை வரியில பதில் போடுவா. முக்காலிக்கு மட்டும் ஒரு பக்கம். அதுவும் வாங்க, போங்கன்னு.

மாமனார்: ஒரு பக்கம் எழுதுவா. ஆமா. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்.

அவன்: உங்க கடைசி வரியையும் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கீங்களா? எடுத்திருக்க மாட்டீங்க. நான் சொல்றேன், எனக்கு மனப்பாடம். "என்ன ரிவெட், நாளைக்குச் சொல்றேன்னு சொல்லி மூணு நாள் ஆச்சு. விடை தெரியாம ஓட்டம் பிடிச்சாச்சா?"

மச்சினி: அத்தான், வேண்டாம்.

அவன்: ஓட்டம் பிடிச்சாச்சான்னு கேட்டாரு. அன்னிக்கு காலையில அவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. தலைக்குள்ள ரத்தம் கசியுதுங்கறாங்க. ஒரு கையில ஊசி, இன்னொரு கையால கண்ணை மூடிக்கிட்டிருக்கா, வெளிச்சம் குத்துதுன்னு. அப்ப இவரு எழுதறாரு, ஓட்டம் பிடிச்சாச்சான்னு.

மாமனார்: எனக்குத் தெரியாதுடா! எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா? மூணு நாள் ஆஸ்பத்திரியில போட்டிருக்க, பெத்தவனுக்கு ஒரு வார்த்தை சொன்னியா?

அவன்: எப்படிச் சொல்றது? என் நம்பரை நீங்கதானே தடுத்து வெச்சிருந்தீங்க! ரெண்டு தடவை அடிச்சேன். மணியே அடிக்கல.

மாமனார்: இவகிட்ட சொல்லியிருக்கலாம்.

அவன்: சொல்லாதேன்னா அவ. "ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவேன், அதுக்குள்ள அப்பாவைப் பயமுறுத்தாத"ன்னா. மூணாம் நாள் ஆபரேஷன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் இவளுக்குப் போன் பண்ணினேன். நீங்க வண்டி பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள...

மாமனார்: எல்லாம் முடிஞ்சு போச்சு.

அவன்: முடிஞ்சு போச்சு.

மச்சினி: ...தண்ணி குடிங்கப்பா. இந்தாங்க. அத்தான், நீங்களும்.

அவன்: எனக்கு வேண்டாம்.

மாமனார்: அதை... அவ பாத்தாளா?

அவன்: எதை?

மாமனார்: நான் எழுதினதை. அந்தக் கடைசி வரியை.

அவன்: இதுக்குத்தான் வந்தீங்களா?

மாமனார்: கேட்டதுக்கு பதில் சொல்லு.

அவன்: பச்சைப் புள்ளி, செத்தவ பேர்ல விளையாட்டு, நெஞ்சு நின்னு போச்சு... எல்லாம் சும்மா. இது ஒண்ணைக் கேக்கத்தான் வந்திருக்கீங்க.

மாமனார்: ஆமாடா! இதைக் கேக்கத்தான் வந்தேன்! ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. கண்ணை மூடினா அந்த வரி நிக்குது. பாத்தாளா இல்லையா? அது மட்டும் சொல்லு, போயிடறேன்.

அவன்: பாத்தா. நான்தான் படிச்சுக் காட்டினேன்.

மாமனார்: ஐயோ.

அவன்: சிரிச்சா.

மாமனார்: ...சிரிச்சாளா?

அவன்: சிரிச்சா. சிரிச்சா தலை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே சிரிச்சா. எனக்கு உங்களை வெட்டிப் போடலாம்னு இருந்துச்சு.

மாமனார்: அப்புறம் என்ன சொன்னா?

அவன்: ஒண்ணும் சொல்லல.

மச்சினி: அத்தான்...

அவன்: ஒண்ணும் சொல்லலன்னு எத்தனை தடவை சொல்றது? அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன். எதுவும் பேசல, அமைதியா போயிட்டா.

மச்சினி: நர்ஸ் அப்படிச் சொல்லலையே.

அவன்: எந்த நர்ஸ்?

மச்சினி: அந்தக் குண்டு நர்ஸ். அக்கா சாமானை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல, அப்ப சொன்னாங்க. ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப கதவு வரைக்கும் பேசிக்கிட்டேதான் போனாங்கன்னு. நீங்க பக்கத்துலயே போனைப் பிடிச்சுக்கிட்டு நடந்தீங்களாம்.

அவன்: அவங்களுக்கு என்ன தெரியும்?

மச்சினி: நான் உங்களைக் கேக்கவே இல்ல, அத்தான். இத்தனை நாளா கேக்கல. எங்க அக்கா கடைசியா என்ன சொன்னான்னு எனக்கும் தெரிஞ்சுக்க ஆசையா இருக்காதா?

அவன்: எல்லாருக்கும் அது வேணும். ஆபீஸ்ல கேக்கறாங்க. வீட்டு ஓனரம்மா கேக்கறாங்க. கடைசியா என்ன சொன்னா, உங்களைப் பத்தி என்ன சொன்னா... ஏதோ நான் ஒரு பொட்டலம் கட்டி வெச்சிருக்கிற மாதிரி.

மாமனார்: வெச்சிருக்க. உன் மூஞ்சியில தெரியுது. நாப்பது வருஷம் மூஞ்சியைப் பாத்துத்தான் பொழைச்சேன்.

அவன்: மூஞ்சியைப் பாத்துப் பொழைச்சவர் பொண்ணு மூஞ்சியை நாலு வருஷம் பாக்கல.

மாமனார்: சொல்லு. இன்னும் சொல்லு. கேட்டுக்கறேன்.

அவன்: கேட்டுக்க வேண்டாம். பாருங்க. இந்தாங்க, இதுதானே உங்க படம்? அவ கம்ப்யூட்டர்ல இன்னும் இதுதான் திறந்திருக்கு. கிட்ட வாங்க. கண்ணாடியைப் போடுங்க.

மாமனார்: தெரியும் எனக்கு. நான் போட்ட படம்.

அவன்: நீங்க போட்டதிலயிருந்து ரெண்டு நாள் இதையேதான் பாத்துக்கிட்டிருந்தா. தலைவலி தலைவலின்னு சொல்லிக்கிட்டே. படுத்துக்கோன்னேன். இரு, முக்காலி வசமா மாட்டிக்கிட்டாருன்னா. அவளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல்ல சக்கரம். அப்புறம் வாலு. அப்புறம் ஜன்னல். கடைசியாத்தான் ஆளு. படத்துல ஆளு நின்னா எல்லாரும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க, நான் கடைசியாத்தான் பாப்பேன், இல்லன்னா ஏமாந்துடுவோம்னு சொல்லுவா.

மாமனார்: சரியான வரிசைதான்.

அவன்: வாலு கொட்டகைக்குப் பின்னாடி மறைஞ்சு போச்சு. நம்பரும் அதோட போச்சு. மிச்சம் ஜன்னல். ஏழு.

மாமனார்: ஆறு.

அவன்: ஏழு.

மாமனார்: ஆறுடா. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு. அந்த ஆளோட தோளுக்குப் பின்னாடி கறுப்பா இருக்கறது நிழல்.

அவன்: நிழல் சதுரமாவா விழும்? அது ஏழாவது ஜன்னல். ஏழு ஜன்னல்னா சாதா நாப்பத்தியொண்ணு மாடல் இல்ல, நாப்பத்தியொண்ணு-சி. மொத்தமே நாலுதான் கட்டினாங்க. ஒண்ணுகூட இப்ப இல்ல. அவ அதைத்தான் சொன்னா.

மாமனார்: அப்ப கதவு? கதவுக்கு என்ன சொல்றா? சி மாடல்ல கதவு இடப்பக்கம். இதுல பாரு, வலப்பக்கம். நான் ஒருத்தன் இல்ல, குழுவே அதைத்தான் சொல்லுது. கதவு வலப்பக்கம் இருந்தா அது சாதா நாப்பத்தியொண்ணு, அவ்வளவுதான்!

அவன்: அப்ப ஏழு ஜன்னல் எங்கிருந்து வந்துச்சு?

மாமனார்: ஆறு!

அவன்: ஏழு!

மச்சினி: போதும்! என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? அவளே இல்ல. இப்ப உட்கார்ந்து ஜன்னல் எண்ணறீங்க! எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு. இந்தச் சனியன் பிடிச்ச படத்தை நான் எடுத்தே குடுத்திருக்கக் கூடாது. எதுவோ ஒரு பழைய நெகட்டிவை நீட்டி, ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம், நீயே போன்ல எடுன்னாரு. ஜன்னல் கண்ணாடியில செல்லோடேப் போட்டு ஒட்டி, வெயில் வந்ததும் எடுத்து, கறுப்பை வெள்ளையாக்கி... ஒரு மணி நேரம். எதுக்குப்பா இந்த அவசரம்னு கேட்டா பதிலே இல்ல.

அவன்: எதுக்கு அவசரம், சார்?

மாமனார்: சும்மா. ஒரு படம். போட்டேன்.

அவன்: உங்களுக்கு அந்த விமானம் என்னன்னு தெரியுமா?

மாமனார்: தெரியாது.

அவன்: நேர்ல பாத்தீங்கல்ல? கதவு எந்தப் பக்கம்னு ஞாபகம் இல்லையா?

மாமனார்: அம்பது வருஷம் ஆச்சு. அதுவும் நான் கேமராவைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். விமானத்தை எவன் பாத்தான்...

மச்சினி: கேமராவைப் பாத்துக்கிட்டா? அப்பா... எடுத்தது நீங்க இல்லையா?

அவன்: சொல்லிடுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க.

மாமனார்: அந்த ஆளு நான்தான்.

மச்சினி: எந்த ஆளு? இந்த ஒல்லி ஆளா? சுருட்டை முடி... இது நீங்களா?

மாமனார்: இருபத்திமூணு வயசு. எங்க ஸ்டுடியோ முதலாளி என்னைக் கூட்டிட்டுப் போனாரு, விமானக் கம்பெனிக்காரங்க படம் கேட்டாங்கன்னு. வேலை முடிஞ்சதும், போடா நில்லு, உன்னையும் ஒண்ணு எடுக்கறேன்னாரு. என்னை யாராவது படம் எடுத்தாங்கன்னா அது இது ஒண்ணுதான். அவ இதைப் பாத்ததே இல்ல.

மச்சினி: அதனால...

மாமனார்: விமானம் எக்கேடு கெட்டா எனக்கென்ன. அவ என்னைக் கண்டுபிடிக்கறாளான்னு பாத்தேன். கண்டுபிடிச்சா கூப்பிடுவா. கூப்பிட்டா போகலாம்னு. அவ்வளவுதான்.

அவன்: கூப்பிட்டா போகலாம்னு!

மாமனார்: ஆமா.

அவன்: ரெண்டு பஸ் மாறினா வீடு. வந்து இந்தக் கதவைத் தட்டினா போதும். அதைச் செய்யாம, விமானத்துக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டு, என்னைக் கண்டுபிடின்னு புதிர் போட்டீங்க. பெத்த பொண்ணுக்கு!

மாமனார்: வந்து தட்டி, அவ திறக்கலன்னா? யோசிச்சியா நீ? இனிமே என் முகத்துல முழிக்காதேன்னு சொன்னவன் நான். என்னன்னு வந்து நிப்பேன்?

அவன்: திறந்திருப்பா.

மாமனார்: உனக்கு எப்படித் தெரியும்?

அவன்: திறந்திருப்பா, சார்.

மாமனார்: எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதே. படம் போட்டு ரெண்டு நாள் அவ ஜன்னல், கதவுன்னுதான் எழுதினா, அந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. குழுவுல முப்பது பேர் எழுதினாங்க. எல்லாரும் அந்த ஆளை மெக்கானிக்னாங்க. சட்டைப் பையில திருப்புளி வெச்சிருக்கான், கண்டிப்பா மெக்கானிக்தான்னாங்க. நான் வாயைத் திறக்கல. மறுத்தா, அப்ப யாருன்னு கேப்பாங்க. அவ பாத்து சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவளும் நாளைக்குச் சொல்றேன்னு போயிட்டா. அவளும் மெக்கானிக்னுதான் நினைச்சிருப்பா. திருப்புளியாம், திருப்புளி...

அவன்: திருப்புளி இல்ல, பிரஷ். லென்ஸ்ல தூசி தட்டற பிரஷ்.

மாமனார்: உனக்கு எப்படித் தெரியும்?

அவன்: ...படத்துல பாத்தா தெரியுது.

மாமனார்: தெரியாது. முப்பது பேர் பெருசு பண்ணிப் பாத்தாங்க. ஒரு கோடுதான் தெரியும். அது பிரஷ்னு எப்படித் தெரியும் உனக்கு?

மச்சினி: ஸ்டுடியோவை மூடினப்பவே அந்த பிரஷ் போச்சு, அத்தான். எனக்கே ஞாபகம் இல்ல. நீங்க எங்க வீட்டுப் பக்கமே வந்ததில்ல. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அத்தான், அவ சொன்னாளா?

அவன்: பஸ்ஸுக்கு நேரமாச்சு.

மாமனார்: அவ சொன்னாளான்னு கேக்கறா.

அவன்: எனக்குன்னு ஒரு வார்த்தை இல்ல, தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை! தள்ளிக்கிட்டுப் போறாங்க, நான் கூடவே ஓடறேன். மூணு ராத்திரி தூங்கல. என்னைப் பாப்பா, ஏதாவது சொல்லுவான்னு நான் அவ மூஞ்சியையே பாக்கறேன். அவ போனைப் பாக்கறா. உங்க படத்தை. இன்னும் ஆளைப் பாக்கல, ஆளு மிச்சம் இருக்கு, பெருசு பண்ணுங்கறா. பெருசு பண்றேன். இன்னும்ங்கறா. கதவு திறக்குது. அதுக்குள்ள... அதுக்குள்ள சொல்லிட்டா. உள்ள போயிட்டா. கதவு மூடிக்கிச்சு.

மச்சினி: அத்தான்... உட்காருங்க. உட்காருங்க முதல்ல.

அவன்: சொல்லச் சொன்னா என்னை. எழுதச் சொன்னா. நாப்பத்திரெண்டு நாளா ஏழு மணிக்குத் திறக்கறேன். எழுத உட்காருவேன். கை வராது. எதுக்கு எழுதணும்? எனக்கு வர வேண்டியதை எடுத்து அங்க குடுத்துட்டுப் போயிட்டா. அப்புறம்தான் தோணுச்சு, எழுத மாட்டேன், பச்சை எரியட்டும்னு. தினமும் பாக்கட்டும். தாங்க முடியாம ஒரு நாள் வரட்டும். இந்த வீட்டுப் படியேறி, என்கிட்ட வந்து, அவ என்ன சொன்னான்னு கேக்கட்டும்னு.

மாமனார்: நான்னு தெரிஞ்சேதான்...

அவன்: தெரிஞ்சேதான். நாப்பத்திரெண்டு நாள் ஆச்சு உங்களுக்கு. கேளுங்க.

மாமனார்: ...

அவன்: கேளுங்க!

மாமனார்: என்ன சொன்னா, மாப்பிள்ளை?

அவன்: உட்காருங்க, மாமா. "அது திருப்புளி இல்ல, பிரஷ். எங்கப்பா பிரஷ்ஷை எப்பவும் இடது பையிலதான் வெப்பாரு, இதுல பாரு, வலது பையில இருக்கு. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுட்டு என்கூட ரெண்டு நாளா சண்டைக்கு நிக்கறாரு மனுஷன். கதவு இடப்பக்கம், ஜன்னல் ஏழு, நான் சொன்னதுதான் சரி. அப்பாவுக்கு இப்பவே எழுதிடு, உனக்கு மறந்துடும்."